தபால் வீட்டில் இருந்தவர்கள்

மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு விழா மலர் ஒன்று அச்சடித்துப் போடுவதென்று முடிவானபோது, ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுத்தாளன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார ரீடிங் எடுத்தவன். சேந்தமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் ஏறாத வாசல்படி குறைவு. "எந்த ஊட்டுல எந்தச் செவுரு எப்ப உழுந்துச்சுன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்" என்றார் விழாக் கமிட்டித் தலைவர். அவர் எனக்குத் தம்பி முறை. கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். சாவடி, ஓட்டுப் பள்ளிக்கூடம், வெல்லம் காய்ச்சிய ஆலைக் கொட்டகை, தூண் வைத்த பெரிய வீடு. யார் கட்டினார்கள், யார் யார் குடியிருந்தார்கள், கடைசியாக யார் விளக்கேற்றினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். எல்லா இடத்திலும் யாராவது ஏதாவது சொன்னார்கள். கிழக்குத் தெருக் கோடியில் இருந்த தபால் வீட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது உங்களுக்கே தெரியுமுங்களே" என்றார்கள்.

தெரியும். அந்த வீடு பாழானதற்குக் காரணம் எங்கள் குடும்பம்தான்.

இரண்டு அறையும் ஒரு பின்கட்டும் உள்ள ஓட்டு வீடு. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு வாத்தியாராக வந்த ஒருவர் அதில் வாடகைக்கு இருந்தார். கிளைத் தபால் நிலையத்தையும் அவரே பார்த்ததால் முன்னறை தபாலுக்கு, மற்றது குடும்பத்துக்கு. சேலம் டவுனைச் சேர்ந்த கிறிஸ்தவர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். மனைவி, என் வகுப்பில் படித்த ஒரே மகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வார். வடக்கே போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்த முன்னறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். என் அம்மாவும்தான். என் அண்ணன் திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் மகாராஷ்டிரா பக்கம் போயிருந்தான்.

அக்காவின் கல்யாணத்துக்கு அவன் வந்துவிடுவதாக எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். சனிக்கிழமை மதியம் வாசலில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தபோது வாத்தியார் வந்து, ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த அப்பா, "பெரியவனுக்கு லீவு கெடைக்கலயாம். வண்டி இன்னும் தள்ளிப் போயிருச்சாம். கடுதாசி வந்திருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "கூடப் பொறந்தவ கல்யாணத்துக்குக்கூட உடமாட்டானா அந்த மொதலாளி" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். அண்ணன் செய்ய வேண்டிய சீர்களை மறுநாள் நான் செய்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. புது வேட்டி இடுப்பில் நிற்காமல் பிடித்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை காலை, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மோகனூர் போன பிறகு, வாத்தியார் தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். போர்வெல் வண்டியின் கம்பம் மேலே போன மின்கம்பியில் பட்டு அண்ணன் இறந்துவிட்டான்.

அப்பா அன்றைக்கே ரயிலேறினார். பத்து நாள் கழித்து ஒரு தகரப் பெட்டியோடும் அண்ணனோடு வேலை செய்த ஓர் ஆளோடும் திரும்பினார். மகன் முகத்தை அவர் பார்க்கவில்லை. எரித்து முடித்திருந்தார்கள். கூட வந்த ஆள் விவரம் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னான். "வெள்ளிக்கெழமையே தந்தி குடுத்துட்டமுங்க. யாராச்சும் வருவாங்கன்னு திங்கக்கெழமை காலை வரைக்கும் ஆஸ்பத்திரியிலயே வெச்சிருந்தோம். அதுக்கு மேல வெக்க முடியலைங்க."

அம்மா அழுகையை நிறுத்தினாள். தந்தியை என்னிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "சனிக்கெழமை கடுதாசின்னு சொன்னீங்களே, அது என்ன?"

"வாத்தியாருதான் அப்படிச் சொன்னாரு" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அம்மா எழுந்து தபால் வீட்டுக்கு நடந்தாள். சாவுக்கு வந்திருந்த சனம் முழுக்கப் பின்னால் போயிற்று. வாத்தியார் வாசலுக்கு வந்தார். தந்தி வந்தும் ஏன் மறைத்தாய், லீவு இல்லையென்று ஏன் பொய் சொன்னாய் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, மண்ணைத் துடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். அம்மா அந்த வாசல் மண்ணை இரண்டு கையாலும் வாரி வீட்டின் மீது இறைத்தாள்.

அதற்குப் பிறகு ஊர் அவர்களோடு பேசவில்லை. கடையில் சாமான் கொடுக்கவில்லை. தந்தி வந்ததை மறந்துவிட்டு, அதை மூடத்தான் பொய் சொன்னார் என்றார்கள். வேதக்காரன் புத்தி என்றும் சொன்னார்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தார். தபால் வேலை போயிற்று. இரண்டு மாதத்தில் பள்ளியிலிருந்தும் மாற்றல் வாங்கிக்கொண்டு, கட்டில், பெட்டி, ஒரு மூட்டைப் பாத்திரத்தோடு மாட்டு வண்டியில் கிளம்பிப் போனார்கள். பிறகு அந்த வீட்டில் யாரும் குடிவரவில்லை. கொஞ்ச காலம் தறி ஓடியது. கடைசியாகக் கோழித் தீவன மூட்டை அடுக்கினார்கள். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பிடி மண் அள்ளி இறைத்துவிட்டுத்தான் போவாள். எட்டு வருடம் முன்பு படுக்கையில் விழும்வரை அது நிற்கவில்லை.

மலருக்காக நான் எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். வாத்தியார் எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை வருடம் இருந்தார் என்பதையாவது சரியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் உறவில் முன்பு பிரசவத்துக்காகச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு பெண்ணிடம் அங்கிருந்த நர்ஸ் ஒருவர், "உங்க ஊர்லதான் நானும் படிச்சேன்" என்று சொன்னாராம். விசாரித்தால், வாத்தியாரின் மகள். இப்போது ஓய்வுபெற்றுக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் தனியாக இருக்கிறார் என்றார்கள். போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் பஸ் ஏறினேன்.

ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடம் அது. ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் அவர் வீடு. ஏற்றத்துக்கு கியர் மாற்றும் பஸ்களின் சத்தம் உள்ளேவரை கேட்டது. நான் ஊர்ப் பெயரைச் சொன்னதும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தோட்டத்துக் கெணத்து ஊட்டுப் பையன்தானே நீங்க?"

"ஆமாங்க."

"கயித்த அவுத்துக்கிட்டுப் போனது நீங்கதானே?"

அது அவருக்கு மறந்திருக்கும் என்று நம்பித்தான் போயிருந்தேன். அவர்கள் குடிதண்ணீர் எடுத்தது எங்கள் கிணற்றில். அப்பா வாத்தியாரை அறைந்த மறுநாள், அவர் குடத்தோடு வருவதைப் பார்த்துவிட்டு நான் ராட்டினத்திலிருந்து கயிற்றையும் வாளியையும் கழற்றிக்கொண்டு போனேன். யாரும் சொல்லி அதைச் செய்யவில்லை. அவர் வெறும் குடத்தோடு நின்றதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"நான்தானுங்க" என்றேன்.

"உக்காருங்க" என்றார்.

மலரைப் பற்றிச் சொன்னேன். வருட விவரங்களைச் சொன்னார், குறித்துக்கொண்டேன். பேனாவை மூடியபோது, "அவ்வளவுதானா? தந்தியப் பத்தி எதுவும் கேக்கலயே?" என்றார்.

"அதுதான் தெரியுமுங்களே."

"என்ன தெரியும்?"

நான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள் என்பதால் தான் வீட்டில் இருந்ததாகவும், முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு சேலைத் திரைதான் என்றும் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னார்.

வாத்தியார் என் அப்பாவை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். தந்தியைப் படித்து அர்த்தம் சொன்னார். அப்பா, "இன்னொருக்கா படிங்க" என்றார். மறுபடி படித்தார். அப்பா அழவில்லை. தண்ணீர் கேட்டார். வாத்தியாரின் மனைவி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

"இது யார் யாருக்குத் தெரியுமுங்க?"

"நமக்குள்ளதானுங்க."

"நாளைக்குத் தாலி. மாப்ள ஊட்டுக்காரங்க ஏற்கனவே ஒருக்கா தள்ளிப் போட்டவங்க. இப்ப நின்னுச்சுன்னா அந்தப் புள்ளைக்கு ராசியில்லைன்னு சொல்லிருவாங்க. அப்பறம் ஒருத்தனும் கட்ட மாட்டானுங்க. போனவன் போயிட்டான். இருக்கறவளயாச்சும் கரையேத்தோணும். கல்யாணம் முடியட்டுங்க."

"சரிங்க, நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா இது என்கிட்ட இருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டு வாங்கி உங்க பையிலயே வெச்சுக்கங்க."

"எம் பையில இருந்தா என்னால நிக்க முடியாதுங்க. உழுந்துருவேன். உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டாராம்.

அப்பா போன பிறகு, பெற்றவளுக்குச் சொல்லாமல் வைப்பது பாவம் என்று வாத்தியாரின் மனைவி சண்டை போட்டார். "பெத்தவரே கேக்கறாரு, நான் என்ன செய்ய?" என்று வாத்தியார் சொன்னார்.

"அடிச்சதுக்குப் பிறகு உங்கப்பா வந்தாரு. விசாரணைக்கு முந்தின நாள், விடியற நேரம், பின்பக்கமா" என்றார் மகள். "வந்து நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. எங்கப்பாவே 'போங்க, நான் பாத்துக்கறேன்'னு அனுப்பி வெச்சாரு. அதிகாரிகிட்ட, மறந்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டாரு."

"ஏனுங்க அப்படிச் செஞ்சாரு?"

"வளர்ந்த பிறகு நானும் கேட்டேன். 'அந்தம்மாவுக்கு மகன் போயிட்டான். புருசன்தான் மறைச்சான்னு தெரிஞ்சா அந்த ஊட்டுல எப்படி இருப்பாங்க? என்னைத் திட்டிக்கிட்டு அவங்க ஒண்ணா இருக்கட்டும்'னாரு. பெரிய மனசுன்னு நீங்க நெனைப்பீங்க. எனக்கு அப்படித் தோணல. எங்கம்மாவ யாரு நெனைச்சா? ஏரி வரைக்கும் போய்த் தண்ணி தூக்கினது அவங்க. அதுக்கப்புறம் சாகிறவரைக்கும் அடுத்தவங்க வாசல்ல அவங்க ஏறினதில்ல. அப்பாகிட்டயும் சரியாப் பேசினதில்ல."

நான் நம்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. கல்யாணத்தன்று காலை, நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். தண்ணீர் கொண்டுபோன என்னிடம், "பித்தம், சாமி. அம்மாகிட்டச் சொல்லாத" என்றார். பிறகு, சாகும்வரை அவர் கிழக்குத் தெரு வழியாக நடந்ததே இல்லை. வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போவார். கோபம் என்று நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது, "இத எழுதலாமுங்களா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க. எங்கப்பா பேரப் போட்டு எழுதுங்க" என்றார்.

அப்பா இல்லை, அம்மா இல்லை. கேட்க வேண்டியவள் அக்கா ஒருத்திதான். மோகனூருக்குப் போனேன். காவிரிக் கரையில் கரும்பு வைத்திருக்கும் குடும்பம். அக்காவின் வாழ்க்கை நல்லவிதமாக அமையவில்லை. அண்ணனைத் தின்றுவிட்டு வந்தவள் என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக் குடி, கைநீட்டும் பழக்கம். அவர் போன பிறகு அக்கா மகனோடு இருக்கிறாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. மடித்து முடித்து, அடுக்கை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

"அய்யன் அன்னைக்கே சொல்லியிருந்தா கல்யாணம் நின்னிருக்கும்" என்றாள்.

"அதுக்குப் பயந்துதான்..."

"நின்னிருக்கலாம், சாமி."

எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. இனிமே யாரு வந்து என்ன கேக்கப் போறாங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் அண்ணனுக்குப் பரிமாறியதுபோலவே பருப்புக்கு நிறைய நெய் ஊற்றினாள்.

தபால் வீட்டுக்கு நான்கு பக்கம் எழுதினேன். வாத்தியாரின் பெயர், அவர் மனைவியின் பெயர், தந்தி, அப்பா கும்பிட்டது, அறைந்தது, கிணற்றுக் கயிற்றைக் கழற்றிய நான், எல்லாம் இருந்தன. கமிட்டித் தலைவர் பண்ணை ஆபீசில் உட்கார்ந்து படித்தார். படித்து முடிக்கும்வரை போனை எடுக்கவில்லை. அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும்.

"ஏனுங்கண்ணா, உங்கய்யனப் பத்தி நீங்களே எழுதறீங்களே."

"நடந்ததுங்க தம்பி."

"நடந்தது சரி. சாமி காரியத்துக்குப் போடற மலருங்க. மொத பக்கத்துல அம்மன் படம், நாலாம் பக்கத்துல சாவு, அடிதடியா? ஊரே சேந்து பண்ணுனதுன்னு வேற எழுதியிருக்கீங்க. அப்படிப் பண்ணுன ஊட்டுக்காரங்க எல்லாம் இப்ப நன்கொடை குடுத்தவங்க. வெளியூர்ல இருந்து சம்பந்திமாருங்க வருவாங்க. அவங்க கையில இதக் குடுக்க முடியுமுங்களா?"

நான் வாதாடியிருக்கலாம். எழுதியது எதையும் போட வேண்டாம் என்று நோட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவைப் பற்றி இவ்வளவு எழுதியவன் என்னைப் பற்றி இதையும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மலர் தை மாதம் வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். பழைய கட்டடங்கள் பகுதியில் சாவடிக்கு ஒரு பக்கம், பெரிய வீட்டுக்கு இரண்டு பக்கம். ஆலைக் கொட்டகைக்குக்கூடப் படம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'கிழக்குத் தெருவில் உள்ள ஓட்டுக் கட்டடத்தில் முன்பு தபால் நிலையம் இயங்கி வந்தது.' அந்த வரியும் மலர் வரும்போதே பொய்யாகிப் போயிருந்தது. கும்பாபிஷேகத்துக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமென்று, தை பிறந்ததும் அந்த வீட்டை இடித்துத் தரையை மட்டம் செய்துவிட்டார்கள். ஜேசிபி வேலையை முடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கும்பாபிஷேகம் முடிந்த வாரம், மலரையும் என் கையெழுத்தில் இருந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனேன். அவர் மலரில் அந்த வரியைக் கண்டுபிடித்துப் படித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். தன் அம்மாவின் பெயர் வரும் இடத்தில் மட்டும் விரல் வைத்து நிறுத்தினார்.

"ஊடு?"

"இடிச்சுட்டாங்க."

தலையசைத்தார். பிறகு, "உங்கம்மா கடைசி வரைக்கும் எங்கப்பாவத் திட்டிக்கிட்டே இருந்தாங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் இருந்தது. "ஆமாங்க. கடைசி வரைக்கும்" என்றேன்.

"அப்பா அதத்தான் கேப்பாரு. உங்க ஊர்ப் பக்கத்து ஆளு யாரு கண்ணுல பட்டாலும், அந்தம்மா எப்படி இருக்காங்கன்னுதான் கேப்பாரு. புருசனோடதான் இருக்காங்கன்னு கேட்டா போதும் அவருக்கு."

அப்பாவும் அம்மாவும் சேர்ந்துதான் இருந்தார்கள். அறைந்ததற்குப் பிறகு அம்மாவுக்கு அப்பா மேல் மரியாதை கூடியிருந்தது. மகனுக்காகக் கைநீட்டிய மனுஷன் என்று மற்றவர்களிடம் சொல்வாள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கல்லறைக்குப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். ஆட்டோவில் போனோம். சுற்றுச்சுவர் வைத்த சிறிய இடம். ஒரே மேட்டின் கீழ் வாத்தியாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சிமெண்டுச் சிலுவையில் இரண்டு பெயரும் வெட்டியிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தேன். அங்கே நின்றபோது, அதை யார் சார்பில் சொல்வது என்று தெரியவில்லை. மகள் குனிந்து, மேட்டில் முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கெளம்புங்க. அப்பறம் நாமக்கல் பஸ்சுல உக்கார எடம் கெடைக்காது" என்றார்.